சீமை முயலுக்குப் பேறுகாலம்

இருளம்மாள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கோழி எதையோ கவ்விக்கொண்டு ஓடியது. அதைப் பறிக்க இன்னும் இரண்டு கோழிகள் பின்னால் விரட்டின. மழை சற்று விட்டிருந்த நேரத்தில் வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, "என்னத்தடி தூக்கிட்டு ஓடுறீக?" என்று விளக்குமாற்றை வீசினாள். கோழி கொக்கரித்து அலகைத் திறந்தது. ஈரமண்ணில் பொத்தென்று விழுந்தது ஒரு குஞ்சு. நடுவிரல் நீளம். உடம்பில் ஒரு மயிர் இல்லை. கண் திறக்கவில்லை. செக்கச்செவேலென்று செத்துக் கிடந்தது.

குனிந்து பார்த்த முத்துப்பேச்சி தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"எலி விழுந்துருச்சு! ஏலே, எந்திரிங்கலே! இருளு வீட்டுல எலி விழுந்துருச்சு!"

கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் அடித்த அந்த வருஷங்களில் இதைக் கேட்டவன் மறு பேச்சுப் பேச மாட்டான். முதலில் எலி விழும். அடுத்தது மனுஷன். காய்ச்சல் அடிக்கும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், பிறகு பாடைக்கு மூங்கில் வெட்டப் போக வேண்டியதுதான். அதனால் எலி விழுந்தால் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் கொட்டகை போட்டுக் குடியேறிவிடும். சர்க்கார் ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்து உள்ளே வெயில் விழச் செய்வார்கள். எலி வளைகளில் பம்பு வைத்து விஷப்புகை அடிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் ஒரு வீட்டார், கல்யாணம் தடைப்படக் கூடாதென்று செத்த எலிகளைக் குப்பைக்குழியில் புதைத்து மறைத்தார்கள். கல்யாணம் நடந்தது. பந்தல் பிரிப்பதற்குள் முத்துப்பேச்சியின் புருஷனும் மூத்த மகனும் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே அவள் கத்தினால் தெரு கேட்கும்.

வீட்டுக்குள் இருளம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இன்னும் தொப்புள்கொடி விழவில்லை. பெற்றவள் சந்தனம்மாள் பண்ணைப்புரத்திலிருந்து பேறுகாலத்துக்காகத் தாய்வீடு வந்தவள். பிள்ளையைப் பெறுவதற்குள் உதிரமெல்லாம் கொட்டி, இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவள். வெளியே ஐப்பசி மழை. மலையிலிருந்து இறங்கிய காற்று ஊசி மாதிரி குத்தியது. இருளம்மாளின் புருஷன் ஒச்சாண்டி மாட்டுவண்டியோடு குமுளிக்குப் போயிருந்தான்.

சத்தம் காதில் விழுந்ததும் இருளம்மாள் ஒன்றைத்தான் நினைத்தாள்: இந்த மழைக்கும் குளிருக்கும் காட்டுக் கொட்டகையில் இந்த ரெண்டு உயிரும் தங்குமா?

பிள்ளையைத் துணியில் சுற்றி மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். குஞ்சைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எலிக்குஞ்சு என்றுதான் பட்டது. மறுகணம் வேறொன்று பொறி தட்டியது. நேற்று அந்த முயல் வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு தானியக் குலுக்கைக்குப் பின்னால் போயிற்றே!

முயல் கதை இதுதான். மேலே தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி சீமைக்குக் கிளம்பியபோது ஒச்சாண்டிதான் சாமான்களை வண்டியில் ஏற்றினான். போகிற போக்கில் துரைசாணி ஒரு வெள்ளை முயலைக் கூடையோடு அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டலாமென்று இவனும் கொண்டுவந்துவிட்டான். வந்து மாதம்கூட ஆகவில்லை. ஒத்தை முயல். ஜோடி கிடையாது. வரும்போதே வயிற்றில் வாங்கி வந்திருக்கும் என்று யார் கண்டது?

இருளம்மாள் தானியம் வைக்கும் அறைக்குள் பாய்ந்தாள். ஆளுயரக் குலுக்கைக்கும் பின்சுவருக்கும் நடுவே, இருட்டில், வைக்கோலும் பஞ்சு மாதிரி வெள்ளை ரோமமுமாக ஒரு குவியல். அந்தக் குவியல் மூச்சு விட்டது. கையை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பு. விரல் பட்டதும் சட்டியில் பொரி துள்ளுகிற மாதிரி குட்டிகள் துள்ளின. நான்கு இருக்கும். குவியலுக்கு வெளியே இன்னொன்று விறைத்துக் கிடந்தது.

தாய் முயலோ எதிர்மூலையில் ஒண்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே ரோமம் பிய்ந்து தோல் தெரிந்தது. குட்டிகள் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிய வாடி இருளு!" வாசலில் முத்துப்பேச்சி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு. "மறைக்காத! மறைச்சவுக வீட்டுல விளக்கேத்த ஆளில்ல, தெரியும்ல?"

"மறைக்கலக்கா. எலி இல்ல. நம்ம சீமை முசல் குட்டி போட்டிருக்கு. வந்து பாருங்க."

பார்க்க வந்தவன் மொக்கைச்சாமி. ஒச்சாண்டிக்குச் சித்தப்பன் மகன். வேட்டைநாயோடு கரடு கரடாகத் திரிந்து முயல் பிடிப்பவன். குனிந்து, ஒரு குட்டியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டினான். சிரித்துவிட்டான்.

"மதினி, நான் புடிச்ச முசலுக்குக் கணக்குண்டா? முசக்குட்டி பொறக்கும்போதே சட்டை போட்டுக்கிட்டுத்தான் பொறக்கும். கண்ணு முழிச்சிருக்கும். பொறந்து ஒரு நாழிகையில ஓடும். இது அம்மணக்குண்டி, குருடு. இது பெருச்சாளிக் குஞ்சு."

"அப்ப இந்த ரோமம்?"

"முசல் ரோமம் உதுத்திருக்கு. பெருச்சாளி அதுல கூடு கட்டிருச்சு. தாய்ப் பெருச்சாளி செத்திருக்கும், அதான் குஞ்சு வெளிய வந்து விறைச்சுக் கெடக்கு. இந்த முசலோட குட்டின்னா இதுககிட்ட இருக்காதா? அங்கன ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடக்கு?"

மலங்காட்டு முயல்குட்டியை இருளம்மாளும் பார்த்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் கொண்டுவந்த குட்டிகள், மிளகுப்பொட்டுக் கண்ணும் சாம்பல் ரோமமுமாக மடியிலிருந்து குதித்து ஓடும். மொக்கை சொல்வது பொய்யில்லை. அப்படியானால்? தொட்டுவிட்டாளே! இந்தக் கையால்தானே பேத்தியைத் தூக்க வேண்டும்?

பிளேக் இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் பக்கத்து ஊரில் ஊசி போட முகாம் போட்டிருந்தார். ஆள் போய்ச் சொல்ல, பொழுது ஏறுவதற்குள் சைக்கிளில் வந்துவிட்டார். பின்னால் இரண்டு ஆட்கள், ஒருவன் தோளில் பம்பு. சின்ன வயசுக்காரர், தூக்கமில்லாத கண். அறைக்குள் போய் டார்ச்சை அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு முயலும் தெரியாது, பெருச்சாளிக் குஞ்சும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது சட்டம். சந்தேகம்னா எலிதான். தெரு காலி பண்ணணும். வளையில புகை அடிக்கணும்."

"சாமி, உள்ள பச்சப்பிள்ளை கெடக்கு. பெத்தவ எந்திரிக்க முடியாமக் கெடக்கா. இந்த மழையில எங்கன கொண்டு போவேன்?"

"பிளேக்குக்குப் பச்சப்பிள்ளைன்னு தெரியுமாம்மா?"

இருளம்மாள் காலில் விழவில்லை. நிமிர்ந்து கேட்டாள்: "இது முசக்குட்டின்னு ருசு பண்ணிட்டா?"

"எப்படி?"

"தாய் வந்து பால் குடுத்தா?"

அவர் யோசித்தார். மழையைப் பார்த்தார். உள்ளே சிசு அழும் சத்தத்தைக் கேட்டார். "விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருக்கேன். அது வந்து பால் குடுத்தா முயல். இல்லேன்னா பம்பு."

"அம்புட்டு நேரமா?" முத்துப்பேச்சி வெடித்தாள். "அதுக்குள்ள எத்தனை பேருக்கு நெறி கட்டுமோ! ஒங்களுக்கென்ன, ஒங்க வீடா?"

"நீங்க வேணும்னா இப்பவே காட்டுக்குப் போங்கம்மா."

முத்துப்பேச்சி போகவில்லை. வாசலுக்கு நேராக, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொழுது நகரவில்லை.

இருளம்மாள் முயலைத் தூக்கிக்கொண்டு போய்க் குட்டிகள்மேல் விட்டாள். அது ஒரே தாவலில் மூலைக்குப் போயிற்று. மறுபடி தூக்கினாள். மறுபடி தாவல். மடியில் மல்லாத்திப் பிடித்து ஒரு குட்டியை மார்க்காம்பில் வைத்தாள். பின்காலால் ஒரு உதை. அவள் முன்கையில் கோடு கோடாக ரத்தம்.

"சவத்து மூதி! பெத்துப் போட்டுட்டுப் போனாப் போதுமா? ஒனக்கு வயிறா, கல்லா?"

வாசலில் யாரோ, "பெருச்சாளிக்கு முசல் எப்படி மதினி பால் குடுக்கும்?" என்றான். சிரிப்பு எழுந்தது.

குட்டிகள் குளிர ஆரம்பித்தன. மதியத்தில் தொட்டபோது காலையில் இருந்த சூடு இல்லை. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கிழவன் முகம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. இருளம்மாள் ஒச்சாண்டியின் பழைய வேட்டியைக் கிழித்து, அடுப்புச் சாம்பலைச் சட்டியில் போட்டு, அதன்மேல் துணியை மடித்துக் குட்டிகளை வைத்தாள். அப்புறம் அவளுக்குத் தெரிந்த வழியைச் செய்தாள். பேத்திக்குப் புகட்ட வைத்திருந்த பாலாடையில் பசும்பாலை வெதுவெதுப்பாக எடுத்து, ஒரு குட்டியின் வாயில் சொட்டுவிட்டாள். குட்டி விழுங்கியது. அப்பாடா என்று இன்னொரு சொட்டு. குட்டிக்குப் புரையேறியது. பால் மூக்கு வழியாக வந்தது. உள்ளங்கையிலேயே ஒரு நெளிவு நெளிந்து நின்றுபோயிற்று.

பாலாடையைக் கீழே வைத்தாள். வாசலில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"கொன்னுட்டேன்," என்றாள், தனக்குத்தானே.

"ஆத்தா." அடுத்த அறையிலிருந்து சந்தனத்தின் குரல். காற்றில் அணைகிற திரி மாதிரி இருந்தது. "இங்கன வா."

போனாள். மகள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளைக்கு மார் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் ஆத்தா போட்டு உருட்டுற? எனக்குப் பால் இறங்கலேன்னதும் நீ என்ன செஞ்ச? மறைப்பு கட்டுன. அக்கம்பக்கத்துப் பொம்பளைகளை வெளிய போங்கன்ன. ஊர்ச்சனம் பூரா வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தா எனக்குச் சுரக்குமா? அதுக்கு மட்டும் எப்படிச் சுரக்கும்?"

இருளம்மாள் கொடியில் கிடந்த கண்டாங்கிச் சேலையை உருவிக்கொண்டு போனாள்.

குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவே சேலையை மறைப்பாகக் கட்டினாள். குட்டிகளை அவை பிறந்த இடத்திலேயே, தாய் பிய்த்துப் போட்ட ரோமத்துக்குள்ளேயே திருப்பி வைத்து, மேலேயும் ரோமத்தை மூடினாள். கொல்லையில் நின்ற கல்யாண முருங்கையை ஒடித்து, இலையை உதறிப் போட்டாள். ஒரு சட்டி தண்ணீர் வைத்தாள். முயல் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை. பாவி, காலையிலிருந்து அதற்கு ஒரு வாய் தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டரிடம் வந்தாள். "சாமி, கூட்டத்தைக் கலைச்சு விடுங்க. மறைப்புல ஒரு கிழிசல் இருக்கு. நீங்களும் மொக்கையும் மட்டும் சத்தமில்லாம அதுவழியாப் பாருங்க."

"என்னத்தையும் ஒளிச்சு வெச்சு ஏமாத்துனா?" என்றாள் முத்துப்பேச்சி.

"நீயும் வந்து உக்காருக்கா. வாயை மட்டும் வெளிய வெச்சுட்டு வா."

கூட்டம் கலைந்ததும் நால்வரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தார்கள். மழை ஓட்டில் கொட்டியது. மொக்கைச்சாமி ஒருதடவை தும்மப் போனான். முத்துப்பேச்சி அவன் மூக்கைப் பிடித்து அமுக்கினாள். முயல் இலையைத் தின்றது. முகத்தைக் கழுவியது. காதைச் சொறிந்தது. உட்கார்ந்து தூங்கியது. இன்ஸ்பெக்டர் மணியைப் பார்த்தார். அறை மங்கியது. எதிரே இருக்கிறவர் முகம் தெரியாத கருக்கல் வந்தது. வெளியே பம்புக்காரன் தொண்டையைச் செருமினான்.

இன்ஸ்பெக்டர் எழப்போனார். இருளம்மாள் அவர் கையையே பிடித்துவிட்டாள்.

முயல் எழுந்தது. ஒரு தத்து. நின்று காதைத் திருப்பியது. இன்னொரு தத்து. குவியலுக்குமேல் போய் நான்கு காலையும் அகட்டி நின்றது. உள்ளேயிருந்து கீச்கீச்சென்று ஒரு சத்தம். குட்டிகள் மல்லாந்து, முட்டி மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் காம்பைப் பற்றுகிற சத்தம். தாய் அசையவில்லை. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட இருக்காது. சட்டென்று தாவி விலகி, மறுபடி மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்தார். மதியத்தில் சுருங்கிக் கிடந்த வயிறுகள் உருண்டு திரண்டிருந்தன. மெல்லிய தோலுக்குள்ளே பால் வெள்ளைவெளேரென்று தெரிந்தது.

"ஆத்தாடி!" மொக்கைச்சாமி வாயில் கை வைத்தான். "சீமையில முசல்கூட அம்மணமாவா பொறக்குது?"

முத்துப்பேச்சி எழுந்தாள். சாக்கை எடுத்து உதறித் தலையில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் பம்பைக் கட்டச் சொன்னார். "காலையில போற வழியில பார்த்துட்டுப் போறேன்," என்று சைக்கிளைத் தள்ளினார். தெரு மூச்சு விட்டது. அங்கங்கே அடுப்புப் புகை எழுந்தது.

இருளம்மாள் விளக்கேற்றினாள். வீரபாண்டி கௌமாரிக்கு மாவிளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டாள். மகளுக்குப் பூண்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, முயலுக்கு இன்னும் ரெண்டு கொத்து இலை எடுத்துக்கொண்டு குலுக்கைப் பக்கம் போனாள். "தின்னு தாயே, தின்னு. காலையில ஏசுனதை மனசுல வெச்சுக்காத." இலையைப் போட்டுவிட்டு, செத்துப்போன குட்டிகளை எடுக்கக் கையை நீட்டினாள்.

முயல் பின்காலால் தரையைத் தொம்மென்று அடித்தது. மறுபடி அடித்தது. அவளை அது பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த சுவரடியைப் பார்த்தது.

இருளம்மாள் விளக்கைத் திருப்பினாள்.

சுவரடி ஓட்டையிலிருந்து ஒரு எலி வெளியே வந்தது. ஆளைப் பார்த்தும் ஓடவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தும் ஓடவில்லை. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடி, ஒரு வட்டம் சுற்றி, நேரே கூட்டுப் பக்கம் வந்தது. அவள் புறங்கையில் மோதி, ரோமக் குவியலின் ஓரத்தில் சாய்ந்து, காலை இழுத்துக்கொண்டு அடங்கியது.

முயலில்லை. குட்டியில்லை. எலிதான். சந்தேகமே இல்லை.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை. தெரு நம்பிவிட்டது. சர்க்கார் நம்பிவிட்டது. எலியைப் புதைக்க ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டினால் போதும். அடுத்த அறையில் கதகதப்பாகச் சந்தனம் தூங்குகிறாள், பிள்ளை தூங்குகிறது. வெளியே ஐப்பசி மழை. பகல் முழுக்க அவள் மல்லுக்கட்டியது இந்தக் கூரைக்காகத்தானே?

விளக்கை எலியின் பக்கத்தில் கொண்டுபோனாள். அதன் ரோமத்திலிருந்து தெள்ளுப்பூச்சிகள் ஒவ்வொன்றாகத் தரைக்குத் தாவிக்கொண்டிருந்தன. காய்ச்சலைச் சுமந்துகொண்டு சூடு தேடிப் போகும் பூச்சி. அடுத்த அறையில் இரண்டு சூடான உடம்பு.

இருளம்மாள் எழுந்தாள். வாசலுக்கு வந்து, தெருவே அதிர ஒரு கூப்பாடு போட்டாள்.

"எலி விழுந்துருச்சு! நெசமாவே விழுந்துருச்சு! எல்லாரும் வெளிய வாங்க!"

முதலில் ஓடிவந்தவள் முத்துப்பேச்சி. "காலையிலயே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா முண்ட!" என்று ஏசிக்கொண்டே படியேறினாள்.

"ஏசுக்கா. ஆனா எங்கிட்ட வராத. ஒதுங்கி உள்ள போயிச் சந்தனத்தையும் பிள்ளையையும் தூக்கு. நான் தொட மாட்டேன். எலி எங் கைமேல விழுந்திருச்சு."

முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையை மாரோடு அணைத்து, சந்தனத்தைத் தோளில் தாங்கி, சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். மொக்கைச்சாமி கூண்டுவண்டியைப் பூட்டினான். ஆள் ஓடிச் சொல்ல, இன்ஸ்பெக்டரும் நனைந்துகொண்டே திரும்பி வந்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. வெகுதூரம் பின்னால் இருளம்மாள் நடந்தாள். தலையில் கோழிப் பஞ்சாரம். அதற்குள் தாயும் குட்டிகளும்.

"மதினி!" மொக்கைச்சாமி வண்டியிலிருந்தே கத்தினான். "அதுகளை விட்டுத் தொலைங்க! தெள்ளுப்பூச்சி ஏறியிருக்கும்!"

"ஏறியிருந்தா எம்மேலயுந்தான் ஏறியிருக்கும். என்னையும் விட்டுத் தொலைச்சுட்டுப் போறீகளா?"

அவன் மாட்டை அதட்டினான்.

இன்ஸ்பெக்டர் அவளுக்குத் தனியே இடம் காட்டினார். தெருக்காரர்களின் கொட்டகைகளைத் தாண்டி, சோளக்காட்டின் கடைக்கோடியில், ஒரு புளியமரத்தடி. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கிட்ட வரக் கூடாத தூரம். நெறி கட்டுகிறதா என்று பார்க்கும்வரை அவள் அங்கேதான்.

பொழுது விடிந்தபோது மழை வெறித்திருந்தது. பஞ்சாரத்தைச் சுற்றிச் சேலையைக் கட்டிவிட்டு இருளம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் கீச்கீச் சத்தம் எழுந்து அடங்கும்வரை திரும்பவில்லை. பிறகு சோளத்தட்டையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். தூரத்துக் கொட்டகை வாசலில், முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு சந்தனம் நின்றாள்.

"ஆத்தா! எப்படி இருக்க?"

இருளம்மாள் இடது கையை வலது அக்குளுக்குள் விட்டு அமுக்கிப் பார்த்தாள். வலிக்கிற மாதிரியும் இருந்தது. வலிக்காத மாதிரியும் இருந்தது.

"எனக்கென்ன! பிள்ளை பால் குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு. அங்கன?"

இருளம்மாள் குனிந்து சேலையை விலக்கிப் பார்த்தாள். மூன்று வயிறு வெள்ளையாகத் தெரிந்தது.

"இங்கனயும் குடிச்சுருச்சுக," என்று கத்தினாள்.